மனம் சோர்ந்தவருக்குத் துணை வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து வேண்டாம்

பயிரின் இலை மஞ்சளானால் விவசாயி அன்றே கவனிக்கிறார். மாடு தீவனம் எடுக்காவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட்டிச் செல்கிறார். ஆனால் வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தால், "கடன் கவலை, தானாகச் சரியாகும்" என்று விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஒரு போகம் பொய்த்தால் மறு போகம் உண்டு. போன உயிர் திரும்புவதில்லை.

அறிகுறிகள்

தூக்கமும் பசியும் குறைதல், வயலுக்குப் போகாமல் ஒதுங்கியிருத்தல், குடி அதிகமாதல், காரணமின்றிச் சீறுதல், மனைவி மக்களை அடித்தல், "நான் இருந்து என்ன பயன்" என்று பேசுதல், கொடுக்கல் வாங்கல் கணக்கைத் திடீரென ஒப்படைத்தல் ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றில் சில சேர்ந்து தென்பட்டால் காலம் கடத்தலாகாது.

"சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேரில் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும் எனப் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் தவறு. பரிவுடன் கேட்டால் மனப்பாரம் குறையும். ஏச்சும் அறிவுரையும் வேண்டாம். பேச விட்டுக் கேட்க வேண்டும். அவரைத் தனியே விடலாகாது.

மருந்து எட்டாமல் இருக்கட்டும்

உயிரை மாய்க்கும் எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் இருந்து, பின் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாமலிருந்தால் உயிர் பிழைக்கும். இலங்கையில் 1995-ல் கொடிய நச்சு மருந்துகள் தடை செய்யப்பட்டன. அடுத்த 10 ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

வீட்டில் பூட்டி வைத்தால் போதுமா? இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுத்தும் நஞ்சு உண்போர் தொகை குறையவில்லை. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் பாதுகாப்பு குறைவே. ஆகவே,

1. ஒரு தெளிப்புக்குத் தேவையான அளவே வாங்க வேண்டும்.

2. மீதியை வீட்டில் வைக்கலாகாது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் செய்து பார்த்ததுபோல், பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் பொதுக் கிடங்கு அமைப்பது நல்லது.

3. வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால், இருக்கும் மருந்தை அன்றே வேறிடத்துக்கு அப்புறப்படுத்த வேண்டும்.

உதவி கிடைக்குமிடம்

14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம். இது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். நேரில் காட்ட, மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வீட்டில் அடி உதைக்கு உள்ளாகும் பெண்கள் 181 எண்ணையும், குழந்தைகளுக்காக 1098 எண்ணையும், உடனடி ஆபத்தில் 112 எண்ணையும் அழைக்கலாம்.

நஞ்சு உட்கொண்டுவிட்டால்

உடனே 108-ஐ அழைக்க வேண்டும். உப்புக் கரைசல் முதலியன கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யலாகாது. நினைவு தப்பியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நனைந்த துணியைக் கையுறை அணிந்து களைந்து, உடலைக் கழுவ வேண்டும். மருந்துப் புட்டியை லேபிளுடன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

போலீஸ் வழக்குக்கு அஞ்சி மறைப்பது உயிருக்கே ஆபத்து. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.

விவசாயப் பெருமக்கள் 14416, 108 ஆகிய எண்களை வீட்டுச் சுவரிலும் பம்ப்செட் கொட்டகையிலும் இன்றே எழுதி வைப்பது நலம்.