மகன் ட்ரிஃப்ட் ஓடக் கேட்டால்: வியாபாரி வாப்பாமார் பார்க்க வேண்டிய கணக்கு

ஹற்றன் பக்கம் டயரும் உதிரிப்பாகமும் விற்கும் எனக்கு அண்மைக்காலமாக ஒரு புதுவகை முறைப்பாடு வருகிறது. "போட்டு ஒரு மாதமாகவில்லை, பின் டயர் ரெண்டும் மொட்டை. என்ன சாமான் தந்தீங்க நானா?" என்று கேட்கிறார்கள். டயரில் குறையில்லை. முன் டயர் இரண்டும் புதிதாக இருக்கப் பின் டயர் மட்டும் தேய்ந்தால், மகன் இரவில் எங்கோ வெற்று வெளியில் காரைச் சுழற்றுகிறான் என்று அர்த்தம்.

இதற்குத்தான் ட்ரிஃப்ட் என்று பெயர். வளைவில் பின் சில்லுகளின் பிடியை வேண்டுமென்றே விடுவித்து, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, எக்ஸிலேட்டரால் அந்த வழுக்கலை அளவாகப் பிடித்துக்கொண்டு போவது. ஜப்பானின் மலைப்பாதைகளில் இளைஞர்கள் பழகிய கலை இது. கெய்ச்சி சுச்சியா என்ற சாரதியால் பிரபலமாகி, அங்கு 2000களின் தொடக்கத்தில் டி1 என்ற முறையான போட்டித் தொடராக மாறியது. அமெரிக்காவில் போர்முலா ட்ரிஃப்ட் 2004இல் முதல் பருவத்தை நடத்தியது. இதில் கோணத்துக்கும் பாதைக்கும் நேர்த்திக்கும் புள்ளி உண்டு. மலைப்பாதை என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கினிகத்தேனையும் நானுஓயாவும் நினைவுக்கு வருகின்றன. பயமே அங்கேதான்.

நானுஓயா ரதல்லப் பகுதியில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் மௌத்தானார்கள். யாரும் பந்தயம் ஓடவில்லை, சாதாரணப் பயணம்தான். இந்த வீதிகள் அதற்கே இடம் கொடுக்காதவை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், வளைவுக்கு அப்பால் கொழுந்து மூட்டையுடன் வரும் லொறி.

வேண்டாம் என்று அதட்டினால் பிள்ளை ஒளித்துச் செய்வான். ஒழுங்கான வழியைக் காட்டுவதே புத்தி. நம் மலைநாட்டுக்கு மோட்டார் விளையாட்டு புதிதல்ல. நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ரதல்லையிலும் மலையேற்றப் போட்டி உண்டு. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கழகம் நடத்தும் இப்போட்டிகள் ஏப்ரல் பருவகாலத்தோடு சேர்ந்தவை. அவை ட்ரிஃப்ட் அல்ல, ஆனால் மூடிய பாதை, வாகனப் பரிசோதனை, கொடி பிடிக்கும் அதிகாரிகள் என்பவற்றைப் பிள்ளை அங்கேதான் கண்ணால் காண்பான்.

நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை அறிவோம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பயிற்சி கொடுத்து மெலியவைத்த குதிரைகளுக்கு ஐந்தாறு மைல் தூரம், பயிற்சியில்லாதவற்றுக்கு ஒரு மைலளவு என்று ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. புதிய சாரதிக்கும் அப்படித்தான், தூரம் குறைவாக இருக்க வேண்டும். சொந்தக்காரரின் அனுமதியோடு சுற்றிவர வெறுமையான சமதரை, முடிந்தால் தண்ணீர் தெளித்தது. ஈரத்தில் குறைந்த வேகத்திலேயே சில்லு வழுக்கும், டயரும் மிஞ்சும். நடுவில் ஒரு கூம்பு வைத்து அதைச் சுற்றி வட்டம். அது கைக்கு வந்த பிறகு இரண்டு கூம்பு வைத்து எட்டு வடிவம். ஹேண்ட்பிரேக் இழுத்து வளைவுக்குள் நுழைவதும் கிளட்சை உதைத்துப் பின்பக்கத்தை விடுவிப்பதும் அதற்குப் பிறகு. வட்டத்தை ஒரே அளவில் பிடிக்கத் தெரியாதவன் அடுத்ததற்குப் போகக் கூடாது.

வாகனம் பின் சில்லு இழுவையாக, கியர் மாற்றுவதாக இருக்க வேண்டும். இன்று ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் இழுவை, அவை இதற்கு ஆகாது. பழைய கொரோலா கே.ஈ.70, டி.எக்ஸ். வேகன் போன்றவை பொருந்தும். ஆனால் 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டி தங்கம் போல ஆனது. அதை வாங்கிக் காயப்படுத்துவது சின்னச் செலவல்ல. இன்னொன்று, நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று மெல்லியது, டேர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். கொழும்பு மெக்கானிக் சொல்லும் பலம் இங்கே வராது. அதைக் கேட்டுவிட்டு எஞ்சினுக்குக் காசைக் கொட்டுவதைவிட ஆசனம், பட்டி, ஹெல்மட், தீயணைப்பான் என்பவற்றுக்குச் செலவழிப்பது மேல். பின்னுக்கு ரீபில்ட் டயர் போடவே வேண்டாம், சூடேறினால் மேல்தோல் கழன்று பறக்கும். என்னிடம் கேட்டாலும் இதற்கென்று தரமாட்டேன்.

இனி வியாபாரக் கணக்கு. கடை வேனையோ லீசிங் வாகனத்தையோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். லீசிங் முடியும்வரை வாகனம் முழுதாக உங்களுடையதல்ல. மோட்டார் காப்புறுதிப் பத்திரங்களில் பந்தயம், வேகப் பரீட்சை என்பவற்றுக்கு நட்டஈடு இல்லை என்ற வாசகம் வழமையாக இருக்கும். பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். நம்மில் அநேகர் தனிநபர் பெயரில் கடை நடத்துகிறோம். அப்படியானால் கடைச் சொத்தும் வீட்டுச் சொத்தும் சட்டத்தின் முன் ஒன்றுதான். உங்கள் பெயரிலுள்ள வாகனத்தால் ஒருவர் காயப்பட்டு வழக்கு வந்தால் அது கடையின் கதவையும் தட்டும், வீட்டின் கதவையும் தட்டும்.

பொடியன்கள் ஆளுக்கு ஐயாயிரம் போட்டு, வென்றவன் எடுப்பதாக ஓடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அது சூதாட்டம். நுழைவுக் கட்டணம், பரிசு பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி பார்க்கக் கூட்டிப்போகும் வாப்பாமாருக்கு ஒன்று. தியத்தலாவ பொக்ஸ் ஹில் போட்டியில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர், எட்டு வயதுப் பிள்ளையும் அதில் ஒன்று. அனுமதிபெற்ற போட்டியிலேயே இப்படி நடந்தது. அடுத்த ஏப்ரலில் மஹகஸ்தொட்ட நடக்குமா என்று முன்கூட்டியே கழகத்திடம் விசாரித்துவிட்டுப் போங்கள். போனால் வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், கார் வழுக்கினால் வருவது அந்தப் பக்கம்தான். பாதையைவிட உயர்ந்த மேட்டில், தடுப்புக்குப் பின்னால் இடம் பிடியுங்கள், சிறுபிள்ளைகளின் கையை விடாதீர்கள்.