தோழியர் கதைகள் நம்மைக் கவர்வது ஏன்?

'அன்பு' மூன்றெழுத்து, 'கல்வி' மூன்றெழுத்து, இவ்விரண்டையும் ஒருங்கே தருகின்ற 'நட்பு'ம் மூன்றெழுத்து. நட்பின் அருமையை நன்குணர்ந்த வள்ளுவப் பெருந்தகை, 79-ஆம் அதிகாரம் முதல் 83-ஆம் அதிகாரம் வரை ஐந்து அதிகாரங்களை அதற்கென்றே ஒதுக்கினார். நட்பைப் புகழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. நண்பரை ஆராய்ந்து தேர்வது எப்படி, பழைய நட்பைப் பேணுவது எப்படி, தீய நட்பை விலக்குவது எப்படி என்றும் எடுத்துரைத்தார். ஆகவே நட்பு தானாக வருவது மட்டுமன்று. கற்றுக்கொள்ள வேண்டியதும் ஆகும்.

பள்ளி நூலகத்தில் அட்டை நைந்து, மீண்டும் மீண்டும் பைண்டு செய்யப்பட்ட புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். 1946 முதல் 1951 வரை ஈனிட் பிளைட்டன் எழுதிய 'மாலரி டவர்ஸ்' வரிசையின் 6 நூல்களும், மாண்ட்கோமரி அம்மையாரின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலும் அவற்றுள் இருக்கும். நாம் காணாத நாடு, உண்ணாத உணவு, உடுத்தாத உடை! ஆயினும் அவற்றிலுள்ள பெண்களை நம் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் போலவே உணர்கிறோம். இதற்குக் காரணம் என்ன?

முதற்காரணம், நம் வயது. தாய், தந்தை, உடன்பிறந்தார், உறவினர் ஆகியோரை இறைவன் நமக்குத் தருகிறார். எந்தப் பள்ளியில் படிப்பது, எங்கே செல்வது என்பவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். தோழியை மட்டும் நாமே தேடிக்கொள்கிறோம். நம் வாழ்வில் நாமாகச் செய்யும் முதல் பெரிய தேர்வு அதுவே. எனவேதான் ஒரு பெண் தனக்கொரு தோழியைத் தேடும் கதை நமக்கு வீரசாகசக் கதையைப் போல் இருக்கிறது.

'ஆன்' நாவல் 1908-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினொரு வயது அநாதைச் சிறுமி ஆன், கனடாவிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு வருகிறாள். அங்கே வயது முதிர்ந்த ஓர் அண்ணனும் தங்கையும் பண்ணை வேலைக்கு ஒரு பையனைக் கேட்டிருக்க, தவறுதலாக இவள் வந்து சேருகிறாள். அதற்கு முன் இருந்த வீட்டில் அவளுக்குத் தோழியே இல்லை. புத்தக அலமாரியின் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்துக்கே 'கேட்டி மாரிஸ்' என்று பெயரிட்டுப் பேசி வந்தாள். தனிமையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? ஆசிரியையும் இரண்டு வயது நிறையும் முன்பே தாயை இழந்து, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அதனால்தான் டயானா என்ற பெண் தோழியாகக் கிடைத்ததும் ஆன் அடையும் மகிழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது.

இரண்டாவது காரணம், இக்கதைகள் நம் சிறிய துன்பங்களைச் சிறியவை என்று தள்ளுவதில்லை. ஆன் ஒரு நாள் டயானாவைத் தேநீர் விருந்துக்கு அழைத்து, பழச்சாறு என்று எண்ணி மதுவைக் கொடுத்துவிடுகிறாள். டயானாவின் தாய் சினமுற்று, இருவரும் பேசவே கூடாது என்று தடை விதிக்கிறாள். பெரியவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். நமக்கோ சிரிப்போடு நெஞ்சும் பதைக்கிறது. "அந்தப் பெண்ணோடு சேராதே" என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும் அல்லவா? பின்பு குளிர்கால இரவொன்றில் டயானாவின் குட்டித் தங்கைக்குத் தொண்டை அடைப்பு நோய் வருகிறது. முன்பு பல குழந்தைகளை வளர்த்துப் பழகிய ஆன், இரவெல்லாம் கண்விழித்து அவளைக் காப்பாற்றுகிறாள். முறிந்த நட்பை மீட்டது கண்ணீர் அன்று, செயல் என்பதை இங்கே கற்கிறோம்.

மூன்றாவதாக, தோழி என்பவள் எல்லாவற்றிலும் நம்மைப்போல் இருக்க வேண்டியதில்லை என்பதை இவை உணர்த்துகின்றன. 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலில் ஜேன் சினம் மிக்கவள். விடுதிப் பள்ளியில் அவளுக்குத் தோழியாகும் ஹெலன் பொறுமையே உருவானவள். ஹெலனின் பொறுமையை ஜேன் முழுவதும் ஏற்கவில்லை. ஆனாலும் அவளை நேசிக்கிறாள். காசநோயால் ஹெலன் இறக்கும் இரவில் அவளை அணைத்தபடியே உறங்குகிறாள். இது வெறுங்கற்பனை அன்று. ஆசிரியை சார்லட் பிராண்டியின் அக்காள்மார் மரியாவும் எலிசபெத்தும் இத்தகைய பள்ளியொன்றில் படிக்கும்போது நோயுற்று, 1825-இல் முறையே 11, 10 வயதில் மறைந்தனர். அந்த மரியாவே ஹெலனாக மீண்டும் வாழ்கிறாள்.

நம் சங்க அகப்பாடல்களிலும் தோழி வருகிறாள். துணிவாகப் பேசுகிறாள், தலைவனை இடித்துரைக்கிறாள். ஆனால் அவளுடைய சொந்த ஆசை என்ன என்று யாரும் கேட்பதில்லை. தோழியர் நாவல்களிலோ அவளுக்கும் பெயர் உண்டு, வீடு உண்டு, கனவு உண்டு.

ஒரு தோழி தந்த புத்தகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் சான்று உண்டு. டோக்கியோவில் கனடா மிஷனரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தவர் ஹனாகோ முராவோகா. 1939-இல் ஜப்பானை விட்டுச் சென்ற கனடா நாட்டு மிஷனரிப் பெண்மணி ஒருவர் 'ஆன்' நாவலை அவர் கையில் கொடுத்தார். பின்னர் இரு நாடுகளும் போரில் பகை நாடுகள் ஆயின. குண்டுகள் விழுந்த காலத்திலும் முராவோகா அதை மொழிபெயர்த்தார். 1952-இல் அது வெளிவந்து ஜப்பானியச் சிறுமியரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது.

இக்கதைகளில் குறையே இல்லையா? உண்டு. 'மாலரி டவர்ஸ்' கதையில் குவெண்டலின் என்ற செல்லப்பெண்ணை எல்லோரும் கேலி செய்கிறார்கள். நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். அவள் பக்கத்தில் யார் அமர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நம் வகுப்பிலும் இடைவேளையில் தனியாகச் சாப்பிடும் ஒருத்தி இருக்கலாம். அவளை மறந்துவிட்டு நட்புக் கதை படிப்பதில் பயன் இல்லை.

பத்தாம் வகுப்பினராகிய நாம் சிந்திக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆன் மேற்படிப்புக்குத் தயாராகிறாள். டயானாவை மேலே படிக்கவைக்கப் பெற்றோர் எண்ணவில்லை. சிறப்பு வகுப்புக்கு ஆன் தங்கிவிட, டயானா தனியே வீடு திரும்புகிறாள். அதைக் கண்ட ஆன், இலக்கணப் புத்தகத்தின் பின்னே கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். பொதுத்தேர்வு முடிந்ததும் நம்முள் சிலர் இங்கேயே பிளஸ் ஒன் சேருவோம். சிலர் வேறு ஊர் செல்வோம். "படித்தது போதும்" என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டவர்களும் இருக்கலாம். அவர்கள் அதை வாய்திறந்து சொல்லாமலும் இருக்கலாம்.

தோழியரே! கண்ணீரை மறைத்துக்கொள்வதோடு நாம் நின்றுவிடலாமா? பக்கத்தில் இருப்பவளிடம், "நீ அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று இப்போதே கேட்போம். அவள் தயங்கினால் அவளையும் அழைத்துக்கொண்டு வகுப்பாசிரியையிடமோ தலைமைச் சகோதரியிடமோ செல்வோம். உதவித்தொகைக்கு வழி உண்டா, அவள் பெற்றோரிடம் பேசுவார்களா என்று கேட்போம். கதையில் கற்ற நட்பை வாழ்வில் காட்டுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு