ஆறு நிறக் கம்பளிப் போர்வை

நீலகிரியின் மஞ்சூரில் கம்பளி இல்லாமல் மார்கழியைக் கடத்த முடியாது. ஸ்வெட்டர், குல்லா, மப்ளருக்கு வாங்கும் அதே உல்லன் நூலில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று பின்னிய போர்வை இது. பால்புதுமையினரின் வானவில் கொடிக்கும் இவையே நிறங்கள்.

அந்தக் கொடியும் கைவேலையில் பிறந்ததுதான். 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் கலைஞர் கில்பர்ட் பேக்கரும் தோழர்களும் துணிக்குத் தாங்களே சாயமேற்றித் தைத்தார்கள். முதலில் எட்டுப் பட்டைகள். அடர் இளஞ்சிவப்புத் துணி கிடைக்காமல் ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்றும் போய் ஆறு நிலைத்தது. அந்தக் கொடி பறக்கும் சென்னையின் வானவில் பேரணி 2009 ஜூன் மாதம் தொடங்கியது.

போர்வையைக் கிட்ட வந்து பாருங்கள். நடுவில் ஒரு சிறு வளையம். அதைச் சுற்றிச் சுற்றிக் குரோஷா ஊசியால் பின்னப் பின்னச் சதுரம் வளர்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் ஒவ்வொருவர் தம் வீட்டிலிருந்தே பின்னலாம், பிறகு ஓரங்களைக் கோத்துவிடலாம். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் பல கைகள் பின்னியவற்றை இப்படிச் சேர்த்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். தாம் பால்புதுமையினர் என்று வீட்டில் இன்னும் வாய்திறந்து சொல்ல முடியாதவருக்கும் இந்த ஆறு நிறப் போர்வையில் இடம் உண்டு. பெயர் போடாமல் ஒரு சதுரம் அனுப்பினால் போதும். தனித்தனியே பின்னிச் சேர்க்க முடிவதே குரோஷாவின் பெரிய சிறப்பு.

பின்னத் தெரிந்தவர்கள் அருகில் இருப்பவருக்கு ஒரு சதுரமாவது கற்றுக்கொடுங்கள்.