மரம் ஏற்கும் வடிவம்

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிக் கனவு காண்போர் வளைந்த நடைபாதையையும், தாமரைத் தொட்டியையும், கொடி படர்ந்த பந்தலையும் எண்ணி மகிழ்வர். பொருள் உடையார் இவற்றை ஒரு திங்களில் அமைத்துவிடலாம். ஆனால் குடை போலவும், கோபுரம் போலவும், பறவை போலவும் கத்தரித்து வளர்த்த மரத்தை அத்துணை விரைவில் உருவாக்க இயலாது. அதற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

வெட்ட வெட்ட மரம் நலியாமல் அடர்ந்து வளர்வது எங்ஙனம்? ஒவ்வொரு கிளையின் உச்சியிலும் நுனிமொட்டு ஒன்று உண்டு. இலைகளின் கக்கத்தில் பக்கமொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியில் சுரந்து கீழிறங்கும் ஆக்சின் என்னும் வளரூக்கியே அவற்றை எழவொட்டாமல் தடுக்கிறது என்று 1930-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. நுனி நீங்கியதும் சர்க்கரை பக்கமொட்டுகளுக்கு விரைந்து பாய்வதும் அவை விழித்தெழுவதற்கு ஒரு காரணம் என்பது 2014-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு நிறுவப்பட்டது. ஆக, ஒரு நுனியை நறுக்கினால் இரண்டு மூன்று தளிர்கள் கிளைக்கின்றன. அவற்றையும் நறுக்க, பசுஞ்சுவர் ஒன்று எழுகிறது.

இக்கலை பழமையானது. உரோமானியரான இளைய பிளினி தம் மாளிகைத் தோட்டத்தைக் குறித்து எழுதிய மடலில், விலங்குகளின் உருவாகவும் எழுத்துகளாகவும் வெட்டிய புதர்களைப் பேசுகிறார். அவ்வெழுத்துகள் சில இடங்களில் தலைவன் பெயரையும், சில இடங்களில் தோட்டக்காரன் பெயரையும் காட்டினவாம்! உழைத்தவன் பெயருக்கும் இடம் கிடைத்தது வியப்பே. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் 1694-இல் தொடங்கப்பெற்ற இத்தகைய தோட்டம் இன்றும் உள்ளது. அங்குள்ள யூ மரம் முதிர்ந்த கட்டையிலிருந்தும் தளிர்க்க வல்லது. அதனால் நூற்றாண்டுக் கணக்கில் கத்தரியைத் தாங்குகிறது. இந்நாகரிகம் மிகுந்தபோது கவிஞர் அலெக்சாந்தர் போப் 1713-இல் எள்ளல் கட்டுரை ஒன்று தீட்டினார். மரத்தால் ஆன ஆதாமும் ஏவாளும் விற்பனைக்கு உண்டு என்பது அவருடைய கேலி. மரத்தை மரமாக இருக்க விடுங்கள் என்னும் கட்சியும் அன்றே வலுத்தது.

செல்வர்க்கே உரிய இக்கலையைத் தொழிலாளி ஒருவர் கைக்கொண்ட வரலாறு அறியத்தக்கது. வட கரோலினாவில் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்த கறுப்பின அமெரிக்கர் பேர்ல் ஃப்ரையர், தென் கரோலினாவின் பிஷப்வில் என்னும் சிற்றூரில் வீடு தேடினார். கறுப்பர் வீட்டு முற்றத்தைப் பேணமாட்டார் என்னும் எண்ணம் ஒரு பகுதியில் அவருக்குத் தடையாயிற்று. வேறிடத்தில் குடியேறிய அவர், ஊர்த் தோட்டக் கழகம் வழங்கும் மாதப் பரிசைப் பெறுவதெனத் துணிந்தார். தகர டப்பா ஆலையில் வேலை. தோட்டக்கலை பயின்றவரும் அல்லர். செடிப் பண்ணையில் வீசியெறிந்த நாற்றுகளைக் கொணர்ந்து நட்டு, வேலை முடிந்த இரவுகளில் விளக்கொளியில் ஏணிமீது நின்று வெட்டினார். வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருந்தும், 1985-இல் அப்பரிசு அவரை நாடி வந்தது. மூன்று ஏக்கர் பரந்த அத்தோட்டத்தைப் பற்றி 2006-இல் ஆவணப்படம் ஒன்றும் வெளிவந்தது.

இதனை வீட்டில் முயல விரும்பும் மாணவர் சிற்றிலையும் நெருங்கிய கணுக்களும் உடைய செடியைத் தேர்க. வேலிக்கு வளர்க்கும் மருதாணி ஏற்றது. உருவம் அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருத்தல் வேண்டும். இல்லையேல் மேற்பகுதியின் நிழலால் கீழிலைகள் உதிர்ந்து, தண்டு வெறுமையாகும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். பறவை முதலிய உருவங்களுக்குக் கம்பிச் சட்டம் துணைசெய்யும். அடிக்கடி சிறிதளவே கத்தரிக்க. ஒரேயடியாக மழித்தல் ஆகாது. ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களிலோ பச்சையற்ற பழங்கிளை வரை வெட்டினால் அவ்விடத்தில் மீண்டும் துளிர்ப்பது அரிது. நுனியோடு அரும்பும் போய்விடும் ஆதலின், பூவை விரும்பி நட்ட செடியை இதற்குக் கொள்ளாதிருத்தல் நலம்.