குளிர் எங்கே தங்குகிறது?

ஸ்காட்லாந்தில் உயர்கல்வி பயிலும் வாசகர் ஒருவர், அந்நாட்டின் மேற்கு மலைப்பகுதியிலுள்ள மமோர்ஸ் தொடரின் முகட்டு வழியே மூன்று நாள் நடக்கவும், இரவுகளில் விடுதி எதையும் நாடாமல் வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்கவும் திட்டமிட்டிருப்பதாகக் கூறி, இரண்டு சந்தேகங்களை எழுதியனுப்பியிருக்கிறார். உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்பதால், மாலைதோறும் முகட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிப் படுப்பதுதானே விவேகம் என்பது ஒன்று. மழையே பெய்யாத இரவிலும் கூடாரம் உள்ளும் புறமும் நனைந்துவிடுவதாக நண்பர்கள் பயமுறுத்துவதால், ‘உள்ளே ஈரம் படியவே படியாது’ என்று விளம்பரம் செய்யப்படும் விலை மிகுந்த கூடாரத்தை வாங்கிவிடலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அதாவது தலைக்கு மேலிருக்கும் ஆகாயத்தில், இருக்கிறது என்பது அவருக்கு வியப்பளிக்கக்கூடும்.

சட்டத்தையும் நிலத்தையும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியில், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பிறர் நிலத்தினூடே நடக்கவும் சிறு கூடாரம் அடித்துத் தங்கவும் உரிமை அளிக்கிறது. இங்கிலாந்திலோ இத்தகைய உரிமை டார்ட்மூரில் மட்டுமே எஞ்சியிருந்து, அங்கும் வழக்கில் சிக்கி, 2025 மே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது. மமோர்ஸ் தொடர், வடக்கே நெவிஸ் பள்ளத்தாக்குக்கும் தெற்கே கடல்நீர் புகுந்து நிற்கும் லாக் லெவனுக்கும் இடையில் கிடக்கிறது. 3,000 அடிக்கு மேற்பட்டு ‘மன்ரோ’ என்ற பெயருக்கு உரியனவாகிய சிகரங்கள் அதில் பத்து. அவற்றுள் உயர்ந்ததாகிய பின்யன் மோர் 1,130 மீட்டர். முகட்டில் தண்ணீர் கிடைப்பது அரிது; ஆதலால் குடிநீரையும் சமதரையையும் தேடும் பிரயாணி, பண்டைப் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன குழிகளின் அடியிலுள்ள சிறு ஏரிக்கரைகளுக்கே இயல்பாக ஈர்க்கப்படுகிறார். தொடரின் கிழக்குக் கோடியில், ஸ்கூர் எய்ல்டே மோர் சிகரத்தின் காலடியில், 700 மீட்டருக்கு மேல் அமைந்திருக்கும் ஏரி அத்தகைய இடந்தான். பார்வைக்கு அதைவிட லட்சணமான தங்குமிடம் அம்மலையில் கிடைப்பது கடினம். படுப்பதற்குமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டிய இடமும் அதுவே.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குளிரும் என்ற பாடநூல் விதி, பகலுக்கும் காற்று வீசும் இரவுக்கும் பொருந்துவதேயன்றி, காற்றடங்கிய தெளிந்த இரவுக்குப் பொருந்துவதன்று. பிரிட்டனில் பதிவான குளிர்களுள் மிகக் கடுமையானது −27.2 டிகிரி செல்சியஸ். அது 1895இலும் 1982இலும் பதிவானது, டீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் 340 மீட்டர் உயரத்திலேயே அமைந்திருக்கும் பிரேமார் என்னும் கிராமத்தில். அதற்கு அண்மையில் 1,200 மீட்டரைக் கடந்து நிற்கும் கெய்ர்ன் கார்ம் சிகரத்துக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை. அதற்குக் கிடைத்தது, 1986 மார்ச் 20ஆம் தேதி மணிக்கு 278 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய சூறைக்காற்றின் சாதனை. குளிர் பள்ளத்துக்கும் காற்று சிகரத்துக்குமாக இயற்கை பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறது.

இதன் காரணத்தை ஆராயப் புகுந்தால், பூமியின் மேலுள்ள ஒவ்வொரு பொருளும், புல்லாயினும் பாறையாயினும் கூடாரத் துணியாயினும், தன் உஷ்ணநிலைக்கேற்ப அகச்சிவப்புக் கிரணங்களை இரவும் பகலும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 5 டிகிரியிலுள்ள புல்தரை சதுர மீட்டருக்குச் சுமார் 330 வாட் வீதம் ஆகாயத்தை நோக்கிச் செலவிடுகிறது. ஆகாயமும் தன் பங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. தாழ்ந்த மேகம் மூடிய இரவில் போவதும் வருவதும் ஏறத்தாழச் சமமாகிவிடும். தெளிந்த இரவிலோ சதுர மீட்டருக்கு 60 முதல் 100 வாட் வரை தரைக்கு நிகர நஷ்டம்.

அந்த நஷ்டம் எந்த வழியாக நிகழ்கிறது என்பதுதான், எத்தனை முறை எண்ணினாலும் எனக்குச் சலிக்காத விஷயம். காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கிரணங்களிற் பெரும்பகுதியை வழிமறித்து உறிஞ்சி, அதில் ஒரு பங்கைக் கீழ்நோக்கியே திருப்பி அனுப்புகின்றன. ஆனால் 8 மைக்ரானுக்கும் 13 மைக்ரானுக்கும் இடைப்பட்ட அலைநீளங்களை மட்டும் அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நாம் அன்றாடம் தொட்டுப் பழகும் உஷ்ணநிலையிலுள்ள பொருள்கள் எந்த அலைநீளத்தில் மிகுதியாகக் கிரணம் வீசுகின்றன என்று கணக்கிட்டாலோ, விடை 10 மைக்ரானுக்குச் சற்றே மேலாக, அந்தத் திறந்த சாளரத்தின் நட்டநடுவில் வந்து நிற்கிறது! பூமியின் குளிர்ச்சிக்கும் காற்றின் அணுக்கூட்டு அமைப்புக்கும் எந்த முன்னேற்பாடும் கிடையாது. ஆயினும் புல்லின் நுனியிலிருந்து புறப்படும் கிரணம், இடையில் எங்கும் தங்காமல், −270 டிகிரியில் உறைந்து கிடக்கும் அண்டவெளிக்கே நேராகப் போய்ச் சேர வழி அமைந்துவிட்டது.

இதைக் குடும்பக் கணக்குவழக்காகவே பார்க்கலாம். மேகம், வாங்கிய கைமாற்றை அன்றிரவே திருப்பிக் கொடுத்துவிடும் நாணயமான அண்டைவீட்டுக்காரர். தெளிந்த வானமோ, வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடும் தூரத்து உறவினர். பெரும் பாறை, நிலபுலமுள்ள மிராசுதார். பகலெல்லாம் சேர்த்த வெயில் களஞ்சியத்தில் இருப்பதால், விடிய விடியக் கொடுத்தாலும் அவர் முகம் வாடுவதில்லை. புல்லின் நுனியும் கூடாரத் துணியும் மாதக் கடைசியில் அகப்பட்டுக்கொண்ட குமாஸ்தாக்கள். சதுர மீட்டருக்கு ஐம்பது கிராம் நிறைகூடத் தேறாத நைலான் துணியிடம் சேமிப்பென்று என்ன இருந்துவிடப் போகிறது? சில நிமிஷங்களில் கையிருப்புக் கரைந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே இறங்கிவிடுகிறது. இளங்காற்று வீசினால், அந்த வழியாகப் போகும் ஒவ்வொருவரும் சில்லறையாகக் கொஞ்சம் உஷ்ணத்தைக் கையில் வைத்துவிட்டுப் போவதால் ஒருவாறு காலம் தள்ளலாம். காற்று அசையாது நின்றுவிட்டாலோ, வீட்டு நகையை அடகு வைப்பதைத் தவிரக் குமாஸ்தாவுக்கு வேறு வழி கிடையாது. அந்த நகைதான் நீராவி. துணியின் உஷ்ணம் பனிப்புள்ளிக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் நிலைக்கு, இறங்கியவுடன் ஈரம் படிகிறது. படியும் ஒவ்வொரு கிலோ நீரும் 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பத்தைத் துணியின் கையில் கொடுப்பதால், அதற்குமேல் குளிர்வது மந்தமாகிவிடுகிறது. நகை குமாஸ்தாவினுடையதே அன்று, காற்றினுடையதாயிற்றே என்று கறாரான வாசகர்கள் ஆட்சேபிக்கலாம். உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும் என்பதை நானும் அறிவேன்.

சரித்திரம் வேண்டுமென்பாருக்காக ஒரு பத்தி. பனித்துளி வானத்திலிருந்து இறங்குகிறதா, மண்ணிலிருந்து எழுகிறதா என்று நெடுங்காலம் நடந்த வாதத்தை, லண்டனில் வைத்தியராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பவர், பலகை ஒன்றின் மேலும் கீழும் கம்பளிப் பஞ்சை வைத்து, இரவில் எது எவ்வளவு நிறை கூடுகிறது என்று நிறுத்துப் பார்த்தே தீர்த்துவைத்தார். வானத்தைப் பார்த்திருந்த பஞ்சுதான் மிகுதியாக நனைந்தது. 1814இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. அதற்கு நெடுநாள் முன்பே, தண்ணீர் தானாக உறையாத வடஇந்தியச் சமவெளியில், வைக்கோல் பரப்பிய ஆழமற்ற குழிகளில் சிறு மண் தட்டுகளை வைத்து, தெளிந்த குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி எடுத்துவந்தவர்களுக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அண்மையில், 2014இல், நண்பகல் வெயிலிலேயே காற்றைவிட 5 டிகிரி அளவு குளிர்ந்து நிற்கும் தகடு ஒன்றை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் செய்து காட்டியபோது, மின்சாரமில்லாத குளிர்சாதனம் வந்தேவிட்டது என்று முழங்கியவர்கள் உண்டு. தகட்டின் சக்தி சதுர மீட்டருக்கு 40 வாட். ஒரு டன் ஏ.சி. செய்யும் வேலையைச் செய்ய ஏறத்தாழ 90 சதுர மீட்டர் தகடு வேண்டும் என்ற வகுத்தல் கணக்கை முழங்கியவர்கள் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி மலைக்கு வருவோம். தரை குளிர்ந்ததும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. மூன்று டிகிரி குளிர்ந்த காற்று நூற்றுக்கு ஒரு பங்கு கனம் கூடியதாகையால், சரிவின்மீது நிற்க மாட்டாமல், ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, ஓசையின்றிக் கீழே வழியத் தொடங்குகிறது. அது காலிசெய்த இடத்தை நிரப்ப, தரையைத் தொடாததால் இன்னும் குளிராதிருக்கும் காற்று மேலிருந்து வந்து சேர்வதால், சரிவின் நடுப்பகுதி கதகதப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. வழிந்ததெல்லாம் குழியின் அடியில் தேங்கி, மேலும் மேலும் குளிர்கிறது. ஆஸ்திரியாவில் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள குருன்லாக் என்னும் பள்ளத்தில், சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், −52.6 டிகிரி பதிவாயிற்று. நீலகிரியிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைகுந்தா, காந்தல் முதலிய தாழ்ந்த இடங்களிலேயே உறைபனி வெள்ளையாகப் படிகிறது; பள்ளத்துச் செடி கருகிக் கிடக்க, சற்று மேலே சரிவிலுள்ள செடி பசுமை மாறாமல் நிற்பதைக் காணலாம்.

கூடாரத்தின் ஈரத்துக்கும் இதுவே நியாயம். படுத்திருப்பவர் ஒருவர் இரவு முழுதும் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். வானத்துக்கு உஷ்ணத்தை வாரி இறைத்துவிட்ட மேல்துணி, அதை உட்புறத்தில் துளியாக்குகிறது. பனிப்புள்ளிக்குக் கீழே இறங்கிய துணி எந்தக் கம்பெனியுடையதாயினும் நனையும். ‘மூச்சுவிடும் துணி’ என்ற அடைமொழி பௌதிக விதியிலிருந்து விலக்கு வாங்கித் தருவதில்லை. சாதாரணமாக ஓரிரவில் 0.2 மில்லிமீட்டர் பனி படியக்கூடும் என்று கொண்டால், பத்துச் சதுர மீட்டர் துணியில் அது இரண்டு லிட்டர். பெரும்பகுதி வழிந்தோ, உதறியதில் சிதறியோ போனாலும், அரைக் கிலோவாவது முதுகில் ஏறி மறுநாள் முகட்டில் கூடவே வரும். சில கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவிடுபவர்கள் இந்த அரைக் கிலோவை எண்ணுவதில்லை. ஸ்லீப்பிங் பேக்கின் அட்டையில் அச்சிட்டிருக்கும் உஷ்ண எண்களிலும் எச்சரிக்கை வேண்டும்: வசதியாக உறங்கும் நிலைக்கு ஒன்று, உயிர் தப்பும் நிலைக்கு ஒன்று என்று பல எண்கள் அங்கே உண்டு, நம்பத்தக்கது முதலாவது ஒன்றே.

ஆகவே, திட்டம் கருவிப் பட்டியலிலிருந்து தொடங்காமல் நாட்காட்டியிலிருந்து தொடங்குவது நலம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைந்திருப்பது ஆறு மணி நேரமே, செப்டம்பர் இறுதியிலோ பன்னிரண்டு. இரவு நீள நீள நஷ்டமும் நீளும். ஆனால் நடுக்கோடையில், ஸ்காட்லாந்துக்கே பேர்போன ‘மிட்ஜ்’ என்னும் கடிக்கும் சிறு ஈக்கள், விநாடிக்கு மூன்று மீட்டர் காற்றுகூட இல்லாத இடங்களில் கூட்டம் கூட்டமாக எழும். குளிர் தேங்குமிடத்திலேயே அவையும் தேங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதமே எனக்குச் சிலாக்கியமாகப் படுகிறது. தெளிந்து அடங்கிய இரவின் கடைசிக் குளிர், பெரும்பாலும் அன்று மாலைப் பனிப்புள்ளியின் அருகிலேயே வந்து நிற்கும் என்பதால், வானிலை அறிவிப்பில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. ஏரியில் தண்ணீர் முகந்துகொண்டு, முப்பது நாற்பது மீட்டர் மேலேறி, கணவாயின் வாயைத் தவிர்த்து, கிழக்கு நோக்கிய அகன்ற தோளில், வானத்தின் ஒரு பாதியையேனும் மறைக்கும் பெரும்பாறையின் பக்கத்தில் முளையடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், சூரியன் மறைந்த அரைமணி கழித்துப் புல்லின் நுனியை விரலால் தடவிப் பார்க்கலாம்: ஏரிக்கரையில் விரல் நனையும், தோளில் நனையாது. கூடாரத்தின் இருபுற வாயில்களையும் சற்றே திறந்து வைத்தால், இளங்காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் காற்றடங்கிய இரவுக்கான சாஸ்திரம். காற்று வீசத் தொடங்கிவிட்டால் குளிர்ந்த அடுக்கும் கதகதப்பான அடுக்கும் கலந்து, பாடநூலின் ஆறரை டிகிரி விதியே மீண்டும் அரசோச்சும். காற்றின் வேகம் இருமடங்கானால் கூடாரத்தின்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். அப்படிப்பட்ட இரவை முன்னறிவிப்புச் சொன்னால், இக்கட்டுரையின் யோசனைகளை முகட்டிலேயே விட்டுவிட்டு, பேசாமல் பள்ளத்துக்கு இறங்கிப் படுத்துக்கொள்வதே உத்தமம்.