தூக்குக்குண்டு, மூலைமட்டம், வெள்ளை ஏப்ரன்: ஃப்ரீமேசன் லாட்ஜுக்குள் என்ன நடக்கிறது? சிவகங்கைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

காரைக்குடியில் புது வீடு எழும்பும் எந்த இடத்துக்குப் போனாலும் கொத்தனாரிடம் இந்த மூன்றும் இருக்கும். சுவர் நேராக ஏறுகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. மூலை சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க மூலைமட்டம். தளம் சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம்.

சென்னை எழும்பூரில் இருக்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹாலிலும் இதே சாமான்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே இவற்றைக் கையில் எடுப்பவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், ஆடிட்டர்கள், தொழிலதிபர்கள். கோட்டு சூட்டு, வெள்ளைக் கையுறை, இடுப்பில் ஒரு குட்டி ஏப்ரன். ஒரு செங்கல்கூட அடுக்க மாட்டார்கள்.

ஃப்ரீமேசன் என்று யூடியூபில் தட்டினால், உலகத்தையே ரகசியமாக ஆள்கிறவர்கள் என்று பத்து வீடியோ வரும். கூடவே இலுமினாட்டியும் வரும். இரண்டும் ஒன்றல்ல. இலுமினாட்டி என்பது 1776இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஷாப்ட் என்ற பேராசிரியர் தொடங்கிய வேறொரு சங்கம். பத்து வருடத்துக்குள் அரசு அதைத் தடை செய்துவிட்டது. ஃப்ரீமேசன் அதற்கு முந்தையது, இன்னமும் இருப்பது. அதன் ஆரம்பகால இந்திய உறுப்பினர்களில் ஒருவருடைய கதை திருச்சியில் தொடங்கி, சிவகங்கைச் சீமையோடு இரண்டு முறை முட்டிக்கொள்கிறது. அதற்கு முன்னால் அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

மேசன்னா கொத்தனார்தானே?

ஆமாம், அதே கொத்தனார்தான். நடுக்கால ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அந்தக் கொட்டகையின் பெயர் லாட்ஜ். (நம்ம ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் போடும் இடம்.) தொழில் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று கண்டுபிடிக்க அடையாளச் சொற்கள் தேவைப்பட்டன. பிற்பாடு கல் தொடாத கனவான்களும் இந்தக் கொட்டகைகளில் சேர ஆரம்பித்தார்கள். கடைசியில் கல் வேலை போய்விட்டது, சடங்கு மட்டும் நின்றது.

1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒரு மதுக்கடையில் கூடி, ஒரே தலைமைச் சங்கமாக இணைந்தன. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் விதிமுறைகளை எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். கப்பல் ஏறிய கம்பெனி அதிகாரிகளோடு அது சீக்கிரமே கல்கத்தாவுக்கு வந்தது, 1752இல் சென்னைக்கும் வந்தது. 1786இல் தொடங்கிய 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' லாட்ஜ் இன்னமும் சென்னையில் நடக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏதோ செய்கிறார்கள் என்றால் வெளியே கதை கிளம்பத்தானே செய்யும். வடக்கே இந்தக் கட்டடங்களை 'ஜாதூகர்', அதாவது மந்திர வீடு என்றார்கள். சென்னைப் பக்கம் 'தலைவெட்டிக் கோயில்' என்றே ஒரு பெயர் இருந்தது.

கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு...

தலையெல்லாம் யாரும் வெட்டுவதில்லை. ஆனால் புதிதாகச் சேர்பவருக்கு நடப்பது கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும். கண்ணைக் கட்டுவார்கள். கழுத்தில் கயிறு சுற்றுவார்கள். சட்டையை இடது மார்பு தெரியும்படி விலக்கி, ஒரு பக்கம் முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிவிடுவார்கள். கதவுக்கு வெளியே வாளோடு ஒருவர் நிற்பார். கதவைத் தட்டி, யார், எதற்கு வந்தார் என்று கேள்வி பதில் முடிந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று கேட்டால், 1730லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்கு முழுவதையும் லண்டனில் புத்தகமாகப் போட்டு விற்றுவிட்டார். இருநூற்றுத் தொண்ணூறு வருடத்துக்கு மேலாகக் கடையில் கிடைக்கும் ரகசியம் இது.

சடங்கில் ஒரு இடம் கவனிக்க வேண்டியது. உள்ளே போவதற்கு முன்னால் காசு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது, எல்லோர் முன்னாலும் அவரிடம் தர்மத்துக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். கையில் ஒரு பைசா இருக்காது. அவர் தடுமாறி நிற்க, அப்போதுதான் விளக்கம் வரும்: கையில் ஒன்றுமில்லாமல் உள்ளே வந்தாய், உன்னைச் சேர்த்துக்கொண்டோம். அதே நிலையில் ஒருவர் உன்னிடம் வந்தால் இந்த நிமிடத்தை நினைத்துக்கொள். பிரசங்கமாகக் கேட்டிருந்தால் மறுநாளே மறந்துபோகும் விஷயம். கூச்சத்தோடு பட்டுத் தெரிந்துகொண்டால் அவ்வளவு சுலபமாக மறக்காது.

மொத்தம் மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் சில கருவிகளைக் கொடுத்து அர்த்தம் சொல்வார்கள். முதல் படியில் 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. 24 அங்குலம் என்பது நாளின் 24 மணி நேரம்: கடவுளுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, அடுத்தவருக்கு உதவ எவ்வளவு என்று பங்கு போடச் சொல்கிறது. (போனில் இருக்கும் ஹேபிட் டிராக்கருக்குத் தாத்தா இதுதான்.) சுத்தியல் மனசாட்சி, உளி கல்வி. அறையில் கொத்தாத கல் ஒன்றும், இழைத்த கல் ஒன்றும் வைத்திருப்பார்கள். சேர்பவர் முதல் கல். இரண்டாம் படியில்தான் மூலைமட்டமும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வருகின்றன. இதில் ரசமட்டத்துக்குச் சொல்லும் பொருள் சமத்துவம். வெளியே யார் என்ன பதவியில் இருந்தாலும், உள்ளே எல்லோரும் ஒரே மட்டம்.

இதற்கு ஒரு நடைமுறைப் பக்கமும் உண்டு. தலைவர் பதவி பொதுவாக வருடத்துக்கு வருடம் கைமாறும். பெரிய அதிகாரி ஒருவர், தன்னைவிட இருபது வயது சின்னவர் நாற்காலியில் இருக்கும்போது எழுந்து நின்று வணங்க வேண்டும். நீண்ட நீண்ட சடங்கு வசனங்களைப் புத்தகம் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மைக்கைப் பார்த்தாலே நா வறளும் ஆள்கூட இதை நாலைந்து வருடம் செய்தால் பேசப் பழகிவிடுவார். அரசியலும் மதமும் உள்ளே பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி. சடங்கு முடிந்தால் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. உண்மையைச் சொன்னால், பலரை மாதாமாதம் இழுத்து வருவது அந்தச் சாப்பாட்டு மேசைதான்.

திருச்சியில் சேர்ந்த நவாபு மகன்

இப்போது சிவகங்கை.

1772இல் ஆற்காடு நவாபு முகம்மது அலியின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து ராமநாதபுரத்தின் மேல் வந்தன. நவாபு பக்கம் வந்தவர் அவருடைய மூத்த மகன் உம்தத்துல் உமரா. கோட்டை விழுந்தது. அடுத்தது சிவகங்கை. ஜூன் 25 அன்று காளையார்கோயிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலுநாச்சியார் விருப்பாச்சிக்குத் தப்பிப் போனார். சிவகங்கைக்கு 'உசேன் நகர்' என்று பெயர் மாற்றினார்கள். இது வரை பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்.

பாடத்தில் வராதது இது. மூன்று வருடம் கழித்து, 1775 வாக்கில், அதே உம்தத்துல் உமரா திருச்சியில் டெரன்ஸ் கஹகன் என்ற மருத்துவர் மூலம் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார். பதிவுகளில் தெரியவரும் முதல் இந்திய ஃப்ரீமேசன் என்று சொல்லப்படுபவர் இவர்தான். செய்தி லண்டனுக்குப் போனதும் அங்கே ஏகப்பட்ட மகிழ்ச்சி. தலைமைச் சங்கம் அலங்கரித்த ஏப்ரன் ஒன்றும் விதிமுறைப் புத்தகமும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதி, தங்க ஜரிகைத் துணியில் சுற்றி அனுப்பினார். அது 1780 தொடக்கத்தில் லண்டன் கூட்டத்துக்கு வந்தது. அதே 1780இல்தான் வேலுநாச்சியார் ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கையை மீட்டார்.

1795இல் உம்தத்துல் உமரா நவாபு ஆனார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாபு திப்புவோடு சேர்ந்து சதி செய்தார் என்றது கம்பெனி. 1801 ஜூலையில் அவர் சாகக் கிடந்தபோதே கம்பெனிப் படை சேப்பாக்கம் அரண்மனையைச் சூழ்ந்தது. ஜூலை 15 அன்று இறந்தார். கம்பெனியின் நிபந்தனைக்கு மகன் இணங்கவில்லை. உடனே உறவுக்காரர் ஒருவரைப் பெயருக்கு நவாபு ஆக்கிவிட்டு, மாதம் முடிவதற்குள் கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.

இதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூன் 16 அன்று, சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. வெள்ளைக்காரனுக்கு இடம் கொடுத்தது நவாபு முகம்மது அலிதான் என்று அது நேராகவே குற்றம் சாட்டியது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.

லாட்ஜ்தான் இதையெல்லாம் செய்தது என்று கிளம்புவது யூடியூப் வேலை. அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஏப்ரன் கொடுத்து 'சகோதரா' என்று அழைத்த சமத்துவம், அந்த அறைக்கு வெளியே அவருக்கு ஒரு நாள்கூட உதவவில்லை. ரசமட்டம் கதவோடு நின்றுவிட்டது.

கதவு யாருக்குத் திறந்தது?

அவர் நவாபு மகன், கம்பெனிக்கு வேண்டிய கூட்டாளி. அதனால் உள்ளே போனார். சாதாரண இந்தியருக்கு நிலைமை வேறு. 1863இல் பிரசன்ன குமார் தத் என்ற கல்கத்தா வியாபாரி சேர விண்ணப்பித்தார். இந்துக்கள் பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள், ஃப்ரீமேசனோ ஒரே கடவுளை நம்ப வேண்டும் என்று எதிர்ப்பு. சாதி பார்ப்பவர்கள் எப்படிச் சகோதரத்துவம் பேசுவார்கள் என்றும் கேட்டார்கள். (இரண்டாவது கேள்வி நியாயமானது. கேட்டவர்கள் யார் என்பதுதான் வேடிக்கை.) ஒன்பது வருடம் விடாமல் போராடி, 1872இல்தான் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் தத் நுழைந்தார். 1884இல் அதே லாட்ஜில் சேர்ந்த இளைஞர் நரேந்திரநாத் தத்தா, பின்னாளில் விவேகானந்தர்.

1961 நவம்பர் 24 அன்று டெல்லியில் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சங்கம் உருவானது. ராம்பூர் நவாபு ரஸா அலி கான் முதல் தலைவர். இன்று அதன் கூட்டங்களில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், ஜெந்த் அவெஸ்தா என எல்லா நூல்களுக்கும் இடமுண்டு. சேர்பவர் தன் மத நூலின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுக்கலாம். நாத்திகருக்கு மட்டும் இடமில்லை. கத்தோலிக்கர்களுக்கு அவர்கள் சபையே தடை போட்டிருக்கிறது: 1738இல் போட்டதை வாடிகன் 2023 நவம்பரில் மறுபடி உறுதி செய்தது.

பெண்களுக்கு? இந்தச் சங்கத்தில் இன்றைக்கும் இல்லை. 1893இல் பாரிஸில் ஆண் பெண் இருவரும் சேரும் தனிப் பிரிவு தொடங்கியது. அன்னி பெசன்ட் 1902இல் அதில் சேர்ந்து, அதை அடையாறுக்கும் கொண்டுவந்தார். ஆனால் பெரிய சங்கம் அந்தப் பிரிவை ஏற்கவில்லை.

செட்டிநாட்டுக்காரருக்கு 'உள்ளே, வெளியே' கணக்கு புதிதல்ல. நகரத்தாரில் ஒரு குடும்பம் ஒன்பது கோயில்களில் எதைச் சேர்ந்தது என்பதே முதல் அடையாளம். கல்யாணம் ஆனால் ஒரு 'புள்ளி', அதற்குப் புள்ளி வரி. அந்த அடையாளத்தோடு காசிக்குப் போனால் நகரத்தார் சத்திரம், பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போனால் கிட்டங்கி. தெரியாத ஊரில் இறங்கும் வியாபாரிக்குத் தங்க இடமும் நம்பிக்கையும் கிடைத்தன. கப்பல் ஏறிவந்த கம்பெனி அதிகாரிக்கு லாட்ஜ் செய்ததும் இதேதான். வித்தியாசம், ஒன்று பிறப்பால் வருவது, மற்றது ஓட்டெடுப்பால் வருவது. 1917இல் காரைக்குடி இளைஞர்கள் மூன்றாவதாக ஒரு வழியைப் பார்த்தார்கள்: ராய. சொக்கலிங்கம் போன்றவர்கள் இந்து மதாபிமான சங்கத்தைத் தொடங்கி, படிப்பு, சொற்பொழிவு என்று கூடினார்கள். 1919இல் பாரதி அங்கே வந்தார். கையில் தடியோடு அவர் நிற்கும் புகழ்பெற்ற போட்டோ காரைக்குடியில் எடுத்ததுதான்.

சேர்ந்தால் பிசினஸ் கிடைக்குமா?

நிறைய பேர் மனசுக்குள் கேட்கும் கேள்வி இதுதான். ஆதாயத்துக்காகச் சேரவில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி கொடுக்க வேண்டும். ஆனால் டாக்டரும் பேங்க் மேனேஜரும் மாதாமாதம் ஒரே மேசையில் சாப்பிட்டால் பழக்கம் வரத்தான் செய்யும். பிரிட்டனில் இது பெரிய பிரச்சினையாகி, 1998 முதல் 2009 வரை நீதிபதிகள் தாங்கள் ஃப்ரீமேசனா என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், கோவை ரேஸ் கோர்ஸில் இருக்கும் குழந்தைகளுக்கான மேசானிக் மருத்துவமனை போன்ற வேலைகளும் இதே மேசையிலிருந்துதான் வந்தன.

சேர விரும்பும் ஆணுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடவுள் நம்பிக்கை வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் முன்மொழிய வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், மனைவியிடமும் பேசுவார்கள். பிறகு ரகசிய ஓட்டு. சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, இல்லையென்றால் கறுப்பு. ஒன்றிரண்டு கறுப்பு விழுந்தாலே கதவு சாத்திக்கொள்ளும். யார் போட்டார், ஏன் போட்டார் என்று சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவு வடிகட்டி எடுக்கும் சங்கம் வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்காது. 'இலுமினாட்டியில் சேருங்கள், கோடீஸ்வரர் ஆகுங்கள்' என்று சேர்க்கைக் கட்டணம் கேட்டு மெசேஜ் வந்தால் அது மோசடி. பணம் அனுப்பாமல் பிளாக் பண்ணுங்க. அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930க்கு போன் அடியுங்க.