சிவகாசி மீட்டர் கேஜ் லைனை ஸிப் பைலில் அனுப்புவது எப்படி?

எங்கள் விஸ்வநத்தம் பக்கம் ரயில் என்று சொன்னால், கயிற்றில் கட்டிப் பற்ற வைத்ததும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற பட்டாசு ரயிலைத்தான் முதலில் நினைப்பார்கள். நான் சொல்லப் போவது வேறு. மின்சாரத்தில் ஓடும் மாடல் ரயில். அதைத் தனியாகச் செய்யாமல், வேறு வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்களுடன் கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்து செய்வது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

பகிர்ந்து கொள்ளாமல் நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கை நடத்த முடியாது. வெளிநாட்டு மாடல் கம்பெனிகளின் கேட்டலாக்கில் இந்திய இன்ஜின்கள் அரிது. மீட்டர் கேஜ் என்றால் இன்னும் அரிது. எங்கள் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். விருதுநகர் - தென்காசி - செங்கோட்டை பாதையை, மீட்டர் கேஜ் காலத்தில் இருந்தபடியே, ஆளுக்கொரு ஸ்டேஷனாகப் பிரித்துக் கட்டி வருகிறோம். விருதுநகர் - தென்காசி லைன் 1927-ல் திறக்கப்பட்டது. 2004-ல் அகல ரயில் பாதை வந்ததும் பழைய தண்டவாளம் போய்விட்டது. செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையில் ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின்கள் 2010 வரை ஓடின; அங்கே அகலப் பாதை 2018-ல்தான் திறந்தது. சிவகாசி யார்டில் எந்த லைன் எங்கே பிரிந்தது, தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் இப்போது வயதானவர்கள். அவர்களிடம் கேட்டு வரைந்த பைல் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருப்பது ஆபத்து என்பதால்தான் நாங்கள் பகிர்வதில் இவ்வளவு கறாராக இருக்கிறோம்.

முதலில் ஸ்கேல். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்ஓ. 1:87 அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கான கணக்கு. நம் அகலப் பாதையோ 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். அந்த அளவில் கடையில் தண்டவாளம் கிடைக்காது. எனவே அகலப் பாதை மாடல் செய்பவர்களில் பலர் 16.5-லேயே ஓட்டி விடுகிறார்கள். மீட்டர் கேஜ் செய்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. ஹெச்ஓஎம் என்ற பெயரில் 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் யாரும் பிடிக்க முடியாது.

அடுத்து லே-அவுட் வரைவது. எனிரெயில் என்ற புரோகிராம் பழகுவதற்கு எளிது. ஆனால் இலவசப் பதிப்பில் 50 தண்டவாளத் துண்டுகளுக்கு மேல் போட முடியாது. ஒரு யார்டுக்கே அது போதாது. எனவே நாங்கள் எக்ஸ்ட்ராக்கேட் பயன்படுத்துகிறோம். இது முழுவதும் இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முகம் கொஞ்சம் பழைய காலத்து முகம்தான். இரண்டு நாள் பொறுத்துக் கொண்டால் பழகிவிடும்.

ஆளுக்கொரு ஸ்டேஷன் என்றால் போர்டுகள் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும் அல்லவா? எனவே ஸ்டேஷனை எப்படி வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் போர்டின் இரண்டு முனைகளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. முனையின் அகலம் 400 மி.மீ., முன் விளிம்பிலிருந்து தண்டவாளத்தின் நடுக்கோடு 200 மி.மீ., தரையிலிருந்து உயரம் ஒரு மீட்டர். இந்த முனைகளை மட்டும் வரைந்து ஒரு காலி பைலாகச் சேமித்து எல்லோருக்கும் அனுப்பி விட்டோம். அதைத் திறந்து, வேறு பெயரில் சேவ் செய்து, நடுவில் வரைய வேண்டும். இந்த ஒரு ஏற்பாட்டால் மிச்சமான சண்டைகளுக்குக் கணக்கே இல்லை.

நீளத்தையும் முதலிலேயே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். அகலப் பாதை செய்பவர்களுக்கு ஓர் உதாரணம்: ஐ.சி.எஃப். பெட்டி பஃபர் முதல் பஃபர் வரை 22,297 மி.மீ. 1:87-ல் அது 256 மி.மீ. பத்துப் பெட்டி கோர்த்தால் 2.56 மீட்டர். 8 அடி பிளைவுட் 2.44 மீட்டர்தான். இன்ஜின் இல்லாமலேயே ரயில் பலகையைத் தாண்டி நிற்கும்.

வரைந்ததைப் பலகையில் பதிக்க நிஜ அளவில் பிரின்ட் எடுக்க வேண்டும். பிரின்ட் விண்டோவில் ஸ்கேல் என்ற இடத்தில் 1 என்று கொடுங்கள். வீட்டு பிரின்டரில் 8-க்கு 4 அடி லே-அவுட்டுக்கு ஓரம் போக 63 ஏ4 தாள்கள் பிடிக்கும். ஒட்டி முடிப்பதற்குள் கோடு விலகிவிடும். இங்கே சிவகாசியில் இருப்பதன் லாபம், பிரஸ்ஸுக்கும் பிளக்ஸ் கடைக்கும் பஞ்சமில்லை என்பது. பைலை டிஎக்ஸ்எஃப் ஆகவோ பிடிஎப் ஆகவோ மாற்றிப் பென் டிரைவில் கொண்டு போனால் ஒரே துண்டாகக் கிடைக்கும். ஒரு மூலையில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். "அண்ணாச்சி, இந்தக் கோடு பத்து சென்டிமீட்டர் வந்தால்தான் மீதியை ஓட்டுங்க" என்று சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து விடுங்கள். பிரின்டர் செட்டிங்கில் பிட் டு பேஜ் என்று இருந்தால் 96, 97 மி.மீ. என்று சுருங்கி வரும். போஸ்டருக்கு அது பரவாயில்லை. பாயின்ட் பொருத்தும்போது ரயில் கவிழும்.

இனி இன்ஜின். முப்பரிமாண மாடல்கள் பெரும்பாலும் எஸ்டிஎல் பைலாகக் கைமாறுகின்றன. இந்த பைலில் உருவம் இருக்கும், அலகு இருக்காது. எண் மட்டும்தான் இருக்கும். அது மீட்டரா, மில்லிமீட்டரா, அங்குலமா என்பது பைலுக்கே தெரியாது. டபிள்யூடிஎம்-2 இன்ஜினின் நீளம் 17.12 மீட்டர். வரைந்தவர் மீட்டரில் வரைந்திருந்தால், பிரின்ட் எடுக்கும் புரோகிராம் அதை 17.12 மில்லிமீட்டர் என்று எடுத்துக் கொண்டு சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றே நீளமான ஒரு இன்ஜினைக் காட்டும். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.494. எனவே 1149.4 சதவீதம் பெரிதாக்க வேண்டும். 196.8 மி.மீ. வந்தால் சரி. அளவு எதில் இருக்கிறது என்று அனுப்புபவர் ஒரு வரி எழுதி விட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

சதவீதத்தை மாற்றி எல்லா ஸ்கேலுக்கும் எடுத்துக் கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். நிஜத்தில் 40 மி.மீ. தடிமன் உள்ள கைப்பிடிக் கம்பி 1:87-ல் 0.46 மி.மீ. வீட்டு 3டி பிரின்டரின் நாசில் பொதுவாக 0.4 மி.மீ. எப்படியோ வந்துவிடும். அதையே 1:160 என்-ஸ்கேலுக்குச் சுருக்கினால் 0.25 மி.மீ. வரவே வராது. கம்பிகளை நீக்கி, துளை மட்டும் விட்ட தனி பைல் ஒன்றும் சேர்த்து அனுப்புவது நல்லது. வாங்குபவர் செம்புக் கம்பி வைத்துக் கொள்வார்.

டிஜிட்டல் கன்ட்ரோல் எனப்படும் டிசிசி வைத்திருப்பவர்கள் இன்ஜினின் குணத்தையும் பகிரலாம். ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச சாப்ட்வேரின் டிகோடர்புரோ பகுதியில், இன்ஜின் எப்படி மெல்ல வேகம் எடுக்கிறது, எப்படி நிற்கிறது என்ற செட்டிங்குகளை எக்ஸ்எம்எல் பைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். அதே டிகோடர் வைத்திருக்கும் நண்பர் இம்போர்ட் செய்து கொள்ளலாம். பிறகு முகவரியை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். புது டிகோடர்கள் 3 என்ற முகவரியோடுதான் வருகின்றன. போர்டுகளைச் சேர்க்கும் நாளில் மூன்று பேர் 3-லேயே கொண்டு வந்தால், ஒரு பட்டனை அழுத்த மூன்று இன்ஜின்களும் கிளம்பும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஒரு தடவை.

பலகைக்கு வீட்டில் இடமில்லாதவர்களுக்கு சிமுலேட்டர் இருக்கிறது. 2001-ல் வந்த மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டரில் இந்திய லைன் ஒன்றுகூடக் கிடையாது. பின்னர் ரசிகர்களே இந்திய இன்ஜின்களைச் செய்து சேர்த்தார்கள். அந்த பைல்களை இன்று ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டரில் ஓட்டலாம். இதில் இன்ஜினின் எடை, சக்தி எல்லாம் .இஎன்ஜி என்ற டெக்ஸ்ட் பைலில் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து மாற்றலாம், ஆனால் சேவ் செய்யும்போது என்கோடிங் யுடிஎஃப்-16 எல்இ என்றே இருக்கட்டும். பெட்டிகள் ஓடாவிட்டால் டெஸ்க்டாப்பில் உள்ள ஓப்பன்ரெயில்ஸ்லாக் என்ற பைலைப் பாருங்கள், எந்த பைல் இல்லை என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் ஹார்ன் சத்தமோ, கேபின் படமோ அனுப்பியவரின் வேறொரு போல்டரில் தங்கிப் போயிருக்கும்.

அனுமதி விஷயத்தை நான் லேசாகச் சொல்லப் போவதில்லை. இலவசம் என்று கொடுத்தால் யாரும் எதுவும் செய்யலாம் என்று அர்த்தமல்ல. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் மீட்டர் கேஜ் பெட்டிகள் செய்து எல்லோருக்கும் கொடுத்து வந்தார். யாரோ அவற்றை டிவிடியில் போட்டு, அவர் பெயரை நீக்கி, விலைக்கு விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் புதிதாக எதையும் யாருக்கும் தரவில்லை. கப்ளர் உயரம் தவறாக உள்ள பழைய பதிப்புதான் எங்களிடம் இருக்கிறது; அதைத் திருத்தவும் அவரைக் கேட்காமல் கை வைக்க எங்களுக்கு மனமில்லை. ஒருவர் செய்த டபிள்யூடிஎம்-2-க்கு வேறு பெயின்ட் அடித்து டபிள்யூடிஎம்-3ஏ என்று சொந்தப் பெயரில் விடுவதும் இதே ரகம்தான். அதிலும் 2600 குதிரைசக்தியை 3100 என்று மாற்றாமலேயே!

எனவே ஸிப் பைலுக்குள் ரீட்மீ ஒன்று கட்டாயம் வையுங்கள். செய்தவர் யார், யாருடைய பைலை வைத்துச் செய்தது, திருத்தலாமா, விற்கலாமா, ஸ்கேல் என்ன, அலகு என்ன, தேதி என்ன. தமிழிலேயே எழுதி யுடிஎஃப்-8 ஆக சேவ் செய்யலாம். பைல்களின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயர்களைச் சில பழைய அன்ஸிப் புரோகிராம்கள் கட்டம் கட்டமாகக் காட்டும்.

சிவகாசி போர்டு என்னிடம் பாதி முடிந்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் பைல்கள் வந்துவிட்டன. திருத்தங்கலை மட்டும் இன்னும் யாரும் எடுக்கவில்லை. 4 அடி பலகை போதும்.